உன் அப்பாவின் நெற்றி

மார்ச் 10

தோரி, இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். உன் அக்கா போமிக்கு மூன்று வயது. அவளைத் தூங்கவைப்பதற்குள் நானே பாதி தூங்கிவிடுகிறேன். வயிற்றுப்பிள்ளைக்குத் தினமும் நாலு வரி எழுதினால் தாய்க்கு மனசு தெளிவாக இருக்குமாம். சுகாதார நிலையத்தில் இந்த நோட்டைக் கொடுத்தார்கள். அட்டையில் ஒரு முயல். முயலுக்கு என்ன கவலை.

பிறக்கும்வரை உன்னைக் கூப்பிட ஒரு பெயர் வேண்டுமே. முதல் ஸ்கேனில் சின்னத் தோதோரிக் கொட்டை மாதிரி உருண்டையாகத் தெரிந்தாய். அதைப் பார்த்துத்தான் தோரி என்று வைத்தார் உன் அப்பா.

நல்ல விஷயமாக எழுதச் சொல்கிறார்கள். சரி: போமி குழந்தைகள் காப்பகத்தில் அப்பாவை வரைந்திருக்கிறாள். முகத்தில் பாதி நெற்றி. இரண்டு ஓரமும் மேலே ஏறிப்போய், நடுவில் மட்டும் கொஞ்சம் முடி. நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. "டீச்சர் இதைச் சுவத்துல ஒட்டிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 14

மாமியார் ஒரு மூட்டை கறுப்பு சோயா அனுப்பியிருக்கிறார். போனில் அப்பாவிடம் சொன்னது, சமையலறையில் இருந்த எனக்கும் கேட்டுவிட்டது: "ஜின்-மோ, தினம் ஒரு பிடி வறுத்துத் தின்னு. உங்கப்பாவுக்கு முப்பத்தஞ்சுலயே தலை போச்சு. உனக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு."

"இதைத் தின்னா முடி வளரும்னா, இந்நேரம் அப்பா ஜடை போட்டிருப்பாரும்மா."

போனை வைத்துவிட்டு ஒரு பிடி அள்ளித் தின்றார்.

மார்ச் 28

இன்று சனிக்கிழமை. அலுவலக நண்பர்களோடு மலையேறிவிட்டு வந்ததாகச் சொன்னார் அப்பா. ஷூவில் ஒரு பொட்டு மண் இல்லை.

தலையணை உறையில் கறுப்பாக ஒரு தீற்றல். கண் மை மாதிரி. நான் மை போட்டு ஒரு வருஷம் ஆகிறது.

கேட்கலாமா? கேட்டால் ஒரு பொய் சொல்வார். அப்புறம் அந்தப் பொய்யையும் நான் சுமக்க வேண்டும்.

தோரி, இந்தப் பக்கத்தை மட்டும் படிக்காதே.

ஏப்ரல் 6

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

ஒரு வாரமாகக் காலையில் சமையல் மேடையில் நீல நிறத்தில் ரவை மாதிரி துணுக்குகள் கிடக்கும். கேட்டேன். வைட்டமின், உடைத்துச் சாப்பிடுகிறேன் என்றார் அப்பா. தினமும் நான்தான் ஈர விரலால் ஒத்தி எடுத்தேன். இன்று போமியின் ஸ்பூனைத் தேடும்போது, சோற்றுக் கரண்டிக்குப் பின்னால் மாத்திரை வெட்டும் கத்தி. அதோடு ஒரு மருந்துப் பெட்டி. உள்ளே இருந்த தாளைப் படித்தேன். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடக்கூடாதாம். வயிற்றில் இருப்பது ஆணாக இருந்தால் உறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாமாம்.

நான் என்ன பண்ணிட்டேன். எத்தனை நாள் தொட்டேன். கை கழுவினேனா?

போன் செய்ததும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தார்.

"இது என்ன?"

"முடிக்கு." தலையைத் தூக்கவில்லை. "ஜோங்நோல மலிவா எழுதிக் கொடுக்கிற ஒரு டாக்டர்கிட்ட போய் வாங்கினேன், அன்னிக்கு மலைன்னு சொன்னேனே. இது வயசானவங்க நீர்க்கோளாறுக்குப் போடுற பெரிய மாத்திரை. நாலா வெட்டிக்கிட்டா முடிக்குப் போதும், மலிவு. ஆபீஸ்ல பாதிப் பேர் இப்படித்தான்."

"வீட்ல கர்ப்பிணி இருக்காங்களான்னு அந்த டாக்டர் கேக்கலையா?"

"கேட்டார். எனக்குப் பின்னாடி பெரிய வரிசை. எல்லார் தலையிலயும் தொப்பி. அவர் சொல்லி முடிக்கிறதுக்குள்ள சரி சரின்னு தலையாட்டிட்டு வந்துட்டேன்."

"உன் தலைக்காக என் புள்ளைய—"

கல்யாணமான ஐந்து வருஷத்தில் அவரை 'நீ' என்றது இதுதான் முதல் தடவை.

கொஞ்ச நேரம் கழித்து, ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன்.

"உங்கம்மா கேட்டாங்களே."

கல்யாணத்துக்கு முன் இரண்டு குடும்பமும் சேர்ந்து சாப்பிட்ட அன்று, மீன் வருவதற்குள் என் அம்மா கேட்டது: "உங்க வீட்டு ஆம்பளைங்களுக்கு முடி எதுவரைக்கும் நிக்கும்?" மாமனார் நிதானமாக, "கடைசி வரைக்கும்" என்றார்.

"எங்கப்பா தலையில இருந்தது டோப்பா," என்றார் அப்பா, தரையைப் பார்த்துக்கொண்டே.

"தெரியும். கல்யாணத்தன்னிக்குப் பதில் வணக்கத்துக்குக் குனிஞ்சாரே, காது வரைக்கும் நகந்துடுச்சு."

"அஞ்சு வருஷமாத் தெரியுமா?"

"எங்கம்மாவுக்கும் தெரியும்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்போம்.

நாளை காலை டாக்டரிடம் போகிறோம். தோரி, நீ ஒன்றும் செய்யவில்லை. நீ தூங்கு.

ஏப்ரல் 7

டாக்டரம்மா தாளை முழுவதும் படித்தார்.

"வாய்ல போட்டீங்களா?"

"இல்ல. விரலால ஒத்தி எடுத்தேன். சில நாள் உடனே கை கழுவினேன். எல்லா நாளுமான்னு தெரியல."

"ரவை அளவு துணுக்குல இருந்து தோல் வழியா உள்ள போறது ரொம்ப ரொம்பக் கொஞ்சம். அதனால குழந்தைக்கு எதாவது ஆகியிருக்கும்னு நான் நினைக்கல. தாள்ல போட்டிருக்கிறது சரிதான், இனிமே தொடாதீங்க. அடுத்த மாச ஸ்கேன்ல அதை நானே நல்லாப் பாத்துச் சொல்றேன்."

அப்பா, "நான் மாத்திரையை நிறுத்திடறேன்" என்றார்.

"உங்க முடி, உங்க இஷ்டம். ஆனா வெட்டாதீங்க. சின்ன மாத்திரையாவே வரும், முழுசா இருந்தா மேல பூச்சு இருக்கு. இவங்க கைக்கு எட்டாம வைங்க. அவசர அவசரமா எழுதிக் கொடுக்கிற இடத்துக்குப் போகாம, பொறுமையாப் பாக்கிற தோல் டாக்டர்கிட்ட போங்க."

நன்றி சொல்ல அப்பா தொப்பியைக் கழற்றினார். உள்துணியில் அதே கறுப்புத் தீற்றல்.

"இதுதானா தலையணைல?"

"நெத்தி ஓரத்துல ஒத்திக்கிற மாவு. வழுக்கை தெரியாம இருக்க."

"வேற பொம்பளையோன்னு நெனச்சேன்."

"இந்தத் தலைக்கா?"

முதலில் சிரித்தது டாக்டரம்மாதான்.

ஏப்ரல் 18

தோல் டாக்டரிடம் போமியும் வந்தாள். அப்பாவின் நெற்றி ஓரத்தைக் கருவி வைத்துப் பெரிதாக்கித் திரையில் காட்டினார்கள். மொட்டை என்று நினைத்த இடத்தில் பூனைமுடி மாதிரி மெல்லிசாக நிறைய. போமி, "புல்லு" என்றாள்.

எனக்குப் புரிந்தது இவ்வளவு. இது வம்சத்தில் வருவது, தாய்வழியும் சேர்ந்தே. உடம்பில் சுரக்கும் ஒன்றுக்கு அந்த இடத்து வேர்கள் மட்டும் ஒத்துப்போகாமல் சுருங்குகின்றன. முடி மெலிந்து மெலிந்து கடைசியில் நின்றுவிடுகிறது. தொப்பியாலும் இல்லை, தலைக்குக் குளிப்பதாலும் இல்லை. சோயா நல்ல சாப்பாடு, அவ்வளவுதான். பளபளப்பாகிப் போன இடம் சுலபத்தில் திரும்பாது. இருப்பதைப் பெரும்பாலும் பிடித்துவைக்கலாம். பலன் தெரிய ஆறு மாதமாவது ஆகும். முதலில் கொஞ்சம் கூடவே கொட்டினாலும் கொட்டும். நிறுத்தினால் பழையபடி ஏறும். மனசு சோர்ந்தாலோ, படுக்கையில் ஏதாவது மாற்றம் தெரிந்தாலோ மறைக்காமல் வந்து சொல்ல வேண்டும்.

"மறைக்காம" என்றபோது நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் விட்டத்தைப் பார்த்தார்.

மாதம் ஒரு தரம் அதே ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்துவைக்க வேண்டும். அது என் வேலை. மாத்திரை இனிமேல் அலுவலக மேசையிலேயே இருக்கும், முழுசாக. அந்தக் கத்தியைத் தூக்கிப் போட்டாயிற்று.

ஏப்ரல் 30

சமையல் மேடையைத் துடைக்கும்போது இன்னும் விரல் தயங்குகிறது.

மே 9

குளியலறை வடிகாலில் அப்பா குனிந்துகொண்டிருந்தார்.

"எண்ணாதீங்க."

"எண்ணல."

எண்ணிக்கொண்டிருந்தார்.

மே 23

தோரி, இன்றும் தாமதம்தான். ஆனால் இன்று தூக்கம் வராததற்குக் காரணம் வேறு.

ஸ்கேன் அறையில் டாக்டரம்மா அவசரப்படவில்லை. மூளை, இதயம், முதுகெலும்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். எனக்கு வேண்டியது ஒரே ஒரு இடம். நீ காலைக் குறுக்கே போட்டுக்கொண்டிருந்தாய். என்னை ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார், இருமச் சொன்னார். கடைசியில் நீயே மனசு வைத்துக் காலை எடுத்தாய்.

"பையன்," என்றார். திரையை எங்கள் பக்கம் திருப்பினார். "எதைப் பாக்கணும்னு ரெண்டு பேரும் காத்துக்கிட்டிருந்தீங்களோ, அது இதோ. இருக்க வேண்டியது இருக்க வேண்டிய மாதிரியே இருக்கு. நல்லா வளந்திருக்கான்."

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "நெத்தி யாரு மாதிரி?" என்று கேட்டார்.

"பக்கவாட்டுல பாத்தா உங்களை உரிச்சு வெச்சிருக்கு."

"ஐயோ பாவம்."

வெளியே பெருங்காற்று. இவ்வளவு நாளும் இந்த மாதிரிக் காற்றில் ஒரு கையால் நெற்றி முடியை அழுத்திக்கொண்டே நடப்பார். இன்று ஒரு கையில் போமி, இன்னொரு கையில் உன் படம். முடி முழுவதும் பின்னால் பறந்து நெற்றி அப்படியே திறந்து கிடந்தது. பேருந்து நிறுத்தம் வரை அவர் அதைக் கவனிக்கவே இல்லை. நானும் சொல்லவில்லை. அழகாகத்தான் இருந்தது.

நீ அசைவது எனக்கு இன்னும் தெரியவில்லை. நச்சுக்கொடி முன்பக்கம் இருக்கிறது, ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்றார். அப்பா இப்போதே வயிற்றில் கையை வைத்துக்கொண்டு தூங்குகிறார்.

இத்தனை நாள் நான் மட்டும்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். சீக்கிரம் பதில் போடு, தோரி. ஒரே ஒரு உதை போதும்.