வெண்காகத்தின் இடது இடுப்பு

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஒரே உதையைப் பதினெட்டு தடவை உதைத்தேன். பதினெட்டாவதுதான் இயக்குநருக்குப் பிடித்தது. எனக்குப் பிடித்தது ஒன்பதாவது. கேட்பார் யார்?

புது நோட்டு என்பதால் ஒரு தடவை எழுதிவைக்கிறேன். ஊரெல்லாம் படிக்கும் ஒரு நிஞ்சா மங்காவை, அதாவது ஜப்பானியப் படக்கதையை, சண்டை வீடியோ கேமாக எடுக்கிறார்கள். அதில் வெண்காகம் என்று ஒரு பெண் நிஞ்சா. அவளுக்கு உடம்பு நான். கறுப்பு உடுப்பு முழுக்கச் சின்னச் சின்னப் பந்துகளை ஒட்டிவிடுவார்கள். சுற்றி நிற்கும் கேமராக்கள் என்னைப் பார்ப்பதில்லை, பந்துகளை மட்டும் பார்க்கின்றன. நான் உதைத்தால் திரையில் ஓர் எலும்புக்கூடு உதைக்கும். முகம், முடி, முகமூடி எல்லாம் பிறகு அதன்மேல் போர்த்துவார்கள்.

சினிமாவில் பத்தொன்பது வருஷம் கதாநாயகிகளுக்குப் பதிலாக மாடியிலிருந்து குதித்தேன். என் முகம் திரையில் தெரிந்துவிட்டால் அந்த ஷாட் வீண். இங்கேயும் முகம் கிடையாதுதான். ஆனால் அவள் நிற்பது, திரும்புவது, மூச்சு வாங்குவது எல்லாமே நான். ஒருத்தி முழுசாக நான்.

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது இடது இடுப்பில் சுருக்கென்றது. சுளுக்கு.

மார்ச் 6, வியாழன்

சோடாபுட்டி கூப்பிட்டான். பதிவானதைக் கணினியில் சுத்தம் செய்கிறவன் அவன். கண்ணாடி அவ்வளவு தடிமன், அதனால் அந்தப் பெயர். சண்டைக்காரி என்பதால் அவனுக்கு நான் மாஸ்டர்.

"மாஸ்டர், இதைக் கொஞ்சம் பாருங்க."

எலும்புக்கூடு நடந்து வந்தது. நன்றாகத்தான் இருந்தது.

"இடது கால் தரையில நிக்கிற நேரம் குறையுது. ரெண்டு வாரமா. நீங்க நொண்டலன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. இது நொண்டுது."

பதிவுக்கூடத்தில் நான் சிரித்துக்கொண்டே நடக்கிறேன். எலும்புக்கூட்டுக்கு முகம் இல்லையே, சிரிப்பு எப்படித் தெரியும்?

"நான் துடைச்சு சரிபண்ணிட்டேன். சார்கிட்ட சொல்லல. ஆனா டாக்டரைப் பாருங்க" என்றான்.

மார்ச் 10, திங்கள்

டாக்டரம்மா ஸ்கேனை வெளிச்சத்தில் மாட்டி, பேனாவால் இடது இடுப்பைத் தொட்டுக் காட்டினார்.

தொடை எலும்பின் மேல் முனை பந்து மாதிரி உருண்டையாக இருக்குமாம். அந்தப் பந்துக்கு ரத்தம் போகவில்லை. "உள்ளுக்குள்ளயே செத்துட்டு வருது. ஆனா இன்னும் அமுங்கல. இப்பவே பாரத்தைக் குறைச்சு சின்னதா ஒரு ஆபரேஷன் பண்ணா காப்பாத்தப் பாக்கலாம். மூணு மாசம் ஓய்வு. நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"நாளையிலிருந்து போகக்கூடாது."

தலையாட்டினேன்.

மார்ச் 11, செவ்வாய்

போனேன்.

மார்ச் 14, வெள்ளி

தங்கச்சி ஸ்கேன் கவரைக் கண்டுபிடித்துவிட்டாள். பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தது என் தப்பு. நான் புடவை கட்டி எத்தனை வருஷம்! அவள்தான் எடுப்பாள்.

அவள் வேலை பல் செட் செய்வது. வீட்டுக்கு வந்தாலும் விரலில் அந்த இளஞ்சிவப்பு மெழுகு ஒட்டியிருக்கும்.

"எத்தனை பேர் வாய்க்கு அச்சு எடுத்திருக்கேன்! உன் வாய்லேருந்து மட்டும் ஒரு வார்த்தை எடுக்க முடியல. எப்ப சொல்றதா இருந்தே?"

"இன்னும் பன்னெண்டு நாள்தான் ஷூட்டிங் இருக்கு."

"பன்னெண்டு நாளுக்கு ஒரு காலைக் குடுப்பியா?"

"காலில்ல. இடுப்பு."

"ஜோக்கு வேறயா உனக்கு?" என்றவள் அழ ஆரம்பித்துவிட்டாள். அழுதுகொண்டே கவரை ஓரம் ஓரமாக மடித்தாள். "அக்கா, அது பொம்மைக்கா. யாரோ பட்டனைத் தட்டினா குதிக்கிற பொம்மை. அதுக்குப் போயா?"

அவளுக்கான பதிலை இங்கே சொல்லிப் பார்க்கிறேன். முதல் நாளே இயக்குநர் சொன்னார்: "இது கையெழுத்து மாதிரிம்மா. பாதியை ஒருத்தர், மீதியை இன்னொருத்தர்னு எழுத முடியாது." நான் நின்றால் இதுவரை எடுத்தது எல்லாம் குப்பைக்குப் போகும். வேறு ஒருத்தி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். எனக்கு நாற்பத்தொன்று. இன்னொரு வெண்காகம் எனக்கு வரப்போவதில்லை.

இது பதிலா? தெரியவில்லை. பிடிவாதத்துக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டியிருக்கிறது போல.

மார்ச் 17, திங்கள்

தங்கச்சி பேசுவதில்லை. டிபன் பாக்ஸ் மட்டும் மேஜையில் இருந்தது. பக்கத்தில் வலி மாத்திரை அட்டை. திட்டாமல் வைத்திருக்கிறாளே, அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

இன்று தோற்கும் காட்சிகள். ஆட்டத்தில் தோற்றால் வெண்காகம் விழ வேண்டும் அல்லவா. முன்பக்கம், பின்பக்கம், மண்டியிட்டு என்று ஆறு விதம்.

ஐந்து முடிந்தது. ஆறாவதற்கு முன்னால் இயக்குநர் தாளோடு வந்தார். மங்காவை வரைந்தவர் குறிப்பு அனுப்பியிருக்கிறாராம். வெண்காகம் விழும்போது கையை ஊன்றமாட்டாள். மரம் சாய்வதுபோல் விழுவாள்.

"எந்தப் பக்கம் சார்?"

"இடது. வலது கையில வாள் இருக்கே."

சோடாபுட்டி கூடத்தின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. "மெத்தையைக் கொஞ்சம் நகர்த்துங்க" என்றுதான் வந்தது.

பதினோரு தடவை விழுந்தேன். எட்டாவதிலேயே உள்ளே ஏதோ நொறுங்கியது. பிஸ்கட்டை ஈரத்துணிக்குள் வைத்து மிதித்த மாதிரி. அதற்குப் பிறகும் மூன்று. பதினோராவது முடிந்ததும் கூடமே கைதட்டியது. "இப்படி ஒருத்தர் விழுந்து நான் பாத்ததில்ல" என்றார் இயக்குநர்.

நான் எழுந்திருக்க நேரமானது. நடிப்பு என்று நினைத்து இன்னொரு தடவை தட்டினார்கள்.

மார்ச் 21, வெள்ளி

கழிவறையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. குழாயைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். பிறகு சிரித்த முகத்தோடு வெளியே வந்தேன்.

மார்ச் 24, திங்கள்

சோடாபுட்டி: "மாஸ்டர், என்னால இதுக்கு மேல துடைக்க முடியல. துடைச்சா அது மனுஷி நடக்கிற மாதிரியே இல்ல, மிதக்குது."

"இன்னும் ஆறு நாள்டா."

"எனக்குப் பயமா இருக்கு."

எனக்கும்தான். அதைச் சொல்லவில்லை.

மார்ச் 26, புதன்

ஒன்றுமில்லாத ஒரு திரும்பல். உதைகூட இல்லை. வெண்காகம் தோளுக்கு மேல் பின்னால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கால் என்னோடு வரவில்லை. விழுந்தேன். ரெண்டு கையையும் ஊன்றித்தான் விழுந்தேன், எல்லா மனுஷரையும் போல.

ஆம்புலன்ஸ் வரும்வரை இயக்குநர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். சோடாபுட்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏம்மா மறைச்சீங்க? மாசத் தொடக்கத்துல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க காத்திருந்திருப்போமே. வெளியீட்டை எப்படியும் நாலு மாசம் தள்ளி வெச்சிருக்காங்க. போன வாரம்தான் எனக்கே தெரியும்."

நாலு மாசம்.

டாக்டரம்மா கேட்டது மூணு.

மார்ச் 27, வியாழன்

மூணு மாசம்தானே கேட்டாங்க. மூணே மூணு. யாராவது என்னைக் கேட்டிருந்தா... கேட்டாங்களே. சோடாபுட்டி கேட்டான். தங்கச்சி அழுதா. நான்தான் கேக்கல. பாவி, நான்தான் ஒருத்தர்கிட்டயும் கேக்கல — காத்திருப்பீங்களான்னு ஒரே ஒரு தடவை.

ஏப்ரல் 1, செவ்வாய்

பந்து அமுங்கிவிட்டது. காப்பாற்றுகிற ஆபரேஷனுக்கு இனி இடமில்லை. இடுப்பு மூட்டையே எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைப்பார்கள். நடக்கலாம், படியேறலாம், கடைக்குப் போகலாம். குதிக்கக்கூடாது, உதைக்கக்கூடாது. விழவே கூடாது.

"விழறதுதான் டாக்டர் என் தொழிலே" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நானும்.

ஏப்ரல் 24, வியாழன்

ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள். தங்கச்சி தலை வாரிவிட்டாள். நான் சொன்னேனே என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

சாயங்காலம் சோடாபுட்டி வந்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். "நான் துடைச்சிருக்கக் கூடாது மாஸ்டர்."

"நீ துடைக்கலன்னா வேற வழியில மறைச்சிருப்பேன்."

உண்மைதான். ஆனால் அவனுக்கு அது ஆறுதலாக இல்லை. போகும்போது கதவருகே நின்று சொன்னான்: புதுப் பெண் வந்தாயிற்றாம். இருபத்திரண்டு வயது. முதலிலிருந்து எடுக்கிறார்கள். நல்லா பண்ணுதா என்று கேட்டேன். பண்ணுது மாஸ்டர் என்றான்.

மே 19, திங்கள்

வாக்கர். கட்டிலிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து கட்டில். பதினான்கு அடி.

ஜூலை 9, புதன்

வாக்கர் போய்க் கைத்தடி வந்துவிட்டது. தங்கச்சி தெரிந்த பல் டாக்டரிடம் பேசியிருக்கிறாள். வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் வேலை. அடுத்த மாதம் சேரச் சொல்கிறார்கள். சரி என்றேன். வேண்டாம் என்று சொல்ல என்னிடம் காரணம் இல்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

எல்லாரும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு வருகிறார்கள். மணி நாலரை இருக்கா, அஞ்சு இருக்கா என்று கேட்கிறார்கள். முன்பு என்ன செய்தேன் என்று யாரும் கேட்பதில்லை. நிம்மதிதான்.

நிம்மதி இல்லை. நோட்டிடம் எதற்குப் பொய்?

நவம்பர் 15, சனி

கேம் வெளியாகிவிட்டது. சோடாபுட்டி ஒரு டிஸ்க் கொண்டுவந்து கொடுத்தான். அவனே விளையாட்டுப் பெட்டியை டிவியில் மாட்டிக் கொடுத்தான்.

வெண்காகம் வந்தாள். வெள்ளை இறகு வைத்த முகமூடி. அழகாக இருந்தாள். ஒரு அடி எடுத்து வைத்ததுமே தெரிந்துவிட்டது, அது நான் இல்லை. அந்தப் பெண் எடை முழுவதையும் விரல் நுனியில் வைத்து நடக்கிறாள். நல்ல நடை. எனக்கு அப்படி வராது.

"ஒண்ணு சொல்லணும் மாஸ்டர். அந்தக் கடைசி விழுகை மட்டும் உங்களோடதுதான். வரைஞ்சவர் பாத்துட்டு இதை மாத்தாதீங்கன்னு சொல்லிட்டார். அந்தப் பொண்ணுக்கும் கையை ஊனாம விழ வரல. ஒட்டு தெரியாம நான்தான் சேத்தேன்."

அவன் போனதும் வெண்காகத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கன்ட்ரோலரைப் பாயில் வைத்தேன். எதிரி வந்து அடித்துக்கொண்டே இருந்தான். அவள் சாய்ந்தாள். இடது பக்கம். மரம் மாதிரி.

ஏழு தடவை பார்த்தேன். அது எத்தனையாவது தடவை விழுந்தது என்று எனக்குத் தெரியும். எலும்பு ஏற்கெனவே நொறுங்கியிருந்தது. திரையில் ஒன்றுமே தெரியவில்லை.

தங்கச்சியிடம் சொல்லவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

காலையில் தங்கச்சி தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பாயில் இருந்த கன்ட்ரோலரைத் தலைகீழாகப் பிடித்தாள். திருப்பிக் கொடுத்தேன்.

"உன் பொண்ணு எது? இந்தக் கொக்கா?"

"காகம்."

எந்தப் பட்டன் எதற்கு என்று ஒன்றும் தெரியாமல் எல்லாவற்றையும் சேர்த்து நசுக்கினாள். மெழுகு நசுக்கிய கை அல்லவா. வெண்காகம் சுழன்று சுழன்று அடித்தாள். எதிரி விழுந்தான். அடுத்தவனும் விழுந்தான். மூன்றாவது ஆள் மலை மாதிரி இருந்தான், அவனும் விழுந்தான். தங்கச்சி எழுந்து நின்றுவிட்டாள். மார்ச்சுக்குப் பிறகு அவள் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"பாத்தியாக்கா! உன் பொண்ணை ஒரு தடவைகூட விழ விடலயே நான்!"

"நல்லா ஆடறே" என்றேன். "இன்னொரு ஆட்டம் ஆடு."