சீனி போடாத சாஸ்

பேரன் தட்டில் மிஞ்சிய பாஸ்தாவை வாப்பா மன்சூர் வழித்துத் தின்பதைப் பார்த்து, "சுகர வச்சுக்கிட்டு இப்படித் திங்கீங்களே!" என்று நிலோபர் கத்திவிட்டாள். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குற்றாலத்துக்குக் குளிக்கப் போய்விட்டார்.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. தென்காசிக்கு வேலைக்குக் கிளம்பும் முன் அடுப்பை மறுபடி பற்றவைத்தாள். பிறகு சட்டி மூடிமேல் சீட்டு எழுதி வைத்தாள்:

"வாப்பா, தக்காளி சாஸ் செஞ்சிருக்கேன். கடைச் சாஸ்ல சீனி இருக்கும், இதுல இல்ல. வெங்காயத்தையும் பூண்டையும் நல்லா வதக்குனதுல வந்த இனிப்புதான். கோதுமை பாஸ்தா கொஞ்சமா, அவிச்ச காய் நெறைய போட்டுக்கிடுங்க. மாத்திரைய மறக்காதீங்க."

அடியில் நெருக்கி எழுதினாள்: "பிள்ள முன்னால கத்திட்டேன். மன்னிச்சுக்கிடுங்க."

சாயங்காலம் சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. சீட்டின் ஓரத்தில் வாப்பாவின் கையெழுத்து: "உப்புப் பத்தல. நாளைக்கும் இதையே வைம்மா."