உன் பெயரில் நிற்கும் கார்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, சுகமாக இருக்க வேண்டும். இங்கே என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம் என்று எழுதத்தான் ஆசை. போனில் பேசலாம் என்றால் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்கிறார், நான் வாயைத் திறப்பதற்குள் “எல்லாம் நல்லா இருக்கோம்ப்பா” என்று அவரே முடித்துவிடுகிறார், அதனால்தான் கடிதம். அக்கா வந்து போனாள், அவளுடைய சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது, அந்தச் சிரிப்பை நீ பார்க்க வேண்டுமே. மாடிக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. அதெல்லாம் கிடக்கட்டும், விஷயம் உன் கார்.

அதற்குப் புகை, பிரேக் எல்லாம் பார்த்துக் கொடுக்கும் சோதனைச் சான்று காலாவதியாகி எவ்வளவோ நாளாகிறது, கூடவே பதிவும் முடிந்துவிட்டது. நீ இங்கே இருந்தவரை வருஷா வருஷம் நீயே கொண்டுபோய்க் காட்டிவிட்டு வருவாய், அப்படி ஒரு வேலை இருப்பதே எங்களுக்குத் தெரியாது. முன்கண்ணாடியில் நீ ஒட்டிய ஸ்டிக்கர் வெளுத்து எழுத்தே இல்லாமல் போய்விட்டது. எனக்கோ வாரம் தவறாமல் முழங்கால் பயிற்சிக்கு ஆஸ்பத்திரி போயாக வேண்டும், பஸ் படி ஏற முடியாது, வாடகைக் கார் என்று சொன்னாலே வாசலில் கார் நிற்கும்போது அது எதற்கு என்று உன் அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது. போலீசுக்குப் பயந்து சந்து சந்தாகப் புகுந்து ஓட்டுகிறார். அப்படியும் போன மாதம் மாட்டிக்கொண்டோம். போலீஸ்காரர் மரியாதையாகத்தான் கேட்டார். இவர் கொஞ்சமும் தயங்காமல், “வண்டி என் பையனோடது சார், அடுத்த மாசம் வர்றான், வந்ததும் எல்லாத்தையும் சரி பண்ணிடுவான்” என்றார். நீ அப்படிச் சொல்லவே இல்லையே. அடுத்த முறை பார்த்தால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவோம் என்று போலீஸ்காரர் எச்சரித்து விட்டுவிட்டார்.

இதுகூடப் பரவாயில்லை. நீ நெட்டையன், காலை நீட்டி ஓட்ட சீட்டைப் பின்னால் தள்ளி வைத்திருந்தாய் அல்லவா, அதை அவர் இன்றுவரை முன்னால் இழுக்கவில்லை. முதுகுக்குத் தலையணையைக் கொடுத்து நுனியில் உட்கார்ந்து ஓட்டுகிறார். இழுத்துக்கொள்ளுங்களேன் என்றால், “அவன் வந்தா மறுபடி தள்ளணும், எதுக்கு?” என்கிறார். போன வாரம் ஆஸ்பத்திரி வாசலில் தலையணை நழுவிவிட்டது, பிரேக்குக்குக் கால் சரியாக எட்டவில்லை, காவலாளி துள்ளி ஒதுங்கினார், கார் கேட்டில் மோதி நின்றது. அந்த மனுஷனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அவர் பெண்டாட்டி பிள்ளைகள் முகத்தில் எப்படி விழிப்பது, சொல்.

பிரேக்கும் தேய்ந்துதான் இருந்ததாம், ஒழுங்காகச் சோதனைக்குக் காட்டியிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பார்கள் என்று மெக்கானிக் திட்டிக்கொண்டே மாற்றிக் கொடுத்தார். பதிவைப் புதுப்பிக்க நீ நேரில் வர வேண்டுமாம், இல்லாவிட்டால் நீ கையெழுத்துப் போட்டு அனுப்பி வண்டியை அப்பா பெயருக்கு மாற்ற வேண்டுமாம். மாற்றிவிடலாமே என்று நான் சொன்னதுதான் தாமதம், இவர் எழுந்து போய்க் காருக்குள் உட்கார்ந்துகொண்டார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. அப்புறம் வந்து, “பேரையும் மாத்திட்டா அவனுக்கு இங்க என்ன இருக்கு?” என்று மட்டும் கேட்டார். சாவியை ஒளித்துவைத்தும் பார்த்தேன், என்னிடம் ஒன்றும் கேட்காமல் வீடு முழுக்கத் தேடிக்கொண்டே இருந்தார், பார்க்கச் சகிக்காமல் நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

உன்னைக் குறை சொல்லவில்லை கண்ணா, லீவு கிடைக்காது என்று தெரியும். கையெழுத்தை அனுப்பு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நீ அனுப்பினால் இவர் மனசு விட்டுப்போகும், அனுப்பாவிட்டால் எங்கே யார் மேல் ஏற்றுவாரோ. உன்னிடம் எதைக் கேட்பது என்றே எனக்குப் புரியவில்லை.

நீ நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். அங்கே நீ ஓட்டும் வண்டிக்காவது தேதி பார்த்துச் சோதனை செய்துகொள், மறக்காதே. நாளைக்கு மறுபடி ஆஸ்பத்திரி. வழியில் யாராவது மறித்தால், அடுத்த மாசம் வர்றான் என்றுதான் இவர் சொல்வார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஆமாம் என்று தலையாட்டத்தான் போகிறேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா