ஏழு மூன்றான மார்ச்

மார்ச் 4, செவ்வாய்

காலை பதினொன்று பத்துக்குத் திரை நீலமாகி நின்றுவிட்டது. இந்த வாரத்தில் இரண்டாவது முறை. நூலகக் கட்டடத்தின் வலிமைக் கணக்கு முக்கால்வாசி ஓடியிருந்தது. எல்லாம் போச்சு. முதலிலிருந்து ஓட்டினேன்.

வீட்டுக் கம்ப்யூட்டரை ஓவர்க்ளாக் செய்து இன்றோடு மூன்று வாரம். பிராசசரைத் தயாரித்தவர்கள் வைத்த வேகம் 4.7 கிகாஹெர்ட்ஸ். நான் 5.2-க்கு ஏற்றி வைத்திருக்கிறேன். நாற்பத்தொரு நிமிடம் ஓடிய கணக்கு இருபத்தெட்டு நிமிடத்தில் முடிகிறது. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் மூன்று நாளில் ஐந்து நாள் வேலையை முடிக்கிறேன் என்று சீஃப் இன்ஜினியரிடம் பெருமையடித்தும் ஆயிற்று. இப்போது இது நடுவில் படுத்துக்கொள்கிறது.

“என்ன, மறுபடி தும்மிடுச்சா?” என்று சமையலறையிலிருந்து கேட்டார் இவர், என் வீட்டுக்காரர். மருந்துக்கடைக்கு மதியம்தான் கிளம்புவார். யாரைப் பார்த்தாலும் நோயாளி, என் கம்ப்யூட்டர் உட்பட.

மார்ச் 5, புதன்

வோல்டேஜை ஒரு படி ஏற்றினேன். சூடு எண்பத்தெட்டு டிகிரி. விசிறிகள் போட்ட சத்தத்தில் தொலைபேசி அடித்ததே காதில் விழவில்லை. ஒரு மணி நேரச் சோதனையைத் தாங்கியது. அப்பாடா. நாளை அலுவலகம்.

மார்ச் 6, வியாழன்

நூலகத்துக்கான கூட்டம். சீஃப் என் கணக்கின் அச்சுப் பிரதியை வரி வரியாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், இரண்டாம் மாடிப் புத்தகக் கிடங்கில் நின்றார்.

“கிடங்குத் தளத்துக்குப் பாரம் மூணரையா? இதுல அலமாரிய ஏத்தினா தளம் தொட்டில் மாதிரி தொங்கும்மா.”

ஏழரை இருக்க வேண்டிய இடம். எப்படி விட்டேன்? ஆறு பேர் என்னைப் பார்க்கிறார்கள். “மாடல் அண்ணன் அனுப்பினத அப்படியே எடுத்திருக்கேன் சார்” என்றேன்.

மாடல் அண்ணன் என்பது எல்லோரும் அவரைக் கூப்பிடும் பெயர். கட்டடத்தின் தூண், உத்தரம், தளம், அதன் மேல் வரும் பாரம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவர் வேலை. அதை வாங்கி வலிமைக் கணக்கு போடுவது என் வேலை. அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. என்னை மேடம் என்பார், நான் அண்ணே என்பேன்.

“நான் ஏழரைன்னுதான் போட்டேன் மேடம். நல்லா ஞாபகம் இருக்கு. ஏழரைய நம்மளே கூப்பிட்டு உட்கார வைக்கிறோமேன்னு அடிக்கும்போது சிரிச்சுக்கிட்டேன்.”

யாரும் சிரிக்கவில்லை. அவர் எழுந்துபோய்த் தன் கம்ப்யூட்டரில் இருந்த பிரதியைக் காட்டினார். ஏழரை. ஆனால் அந்த ஃபைலில் தினமும் வேலை செய்கிறார், ஆகவே சேமித்த தேதி இன்றையது.

“இப்ப எழுந்து வந்த கையோட திருத்தியிருக்கலாமே” என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். எல்லோருக்கும் கேட்டது.

மார்ச் 7, வெள்ளி

மாடல் அண்ணனை வரைபட அறைக்கு மாற்றிவிட்டார்கள். பழைய வரைபடங்களை மடித்து, எண் போட்டு, அடுக்கும் வேலை. “கொஞ்ச நாளைக்குத்தான்” என்றார் சீஃப். அவருடைய வேலை என் தலையில்.

படியில் எதிரே வந்தார். ஒதுங்கி வழி விட்டார்.

மார்ச் 10, திங்கள்

திரை மீண்டும் நீலம். 5.1-க்கு இறக்கினேன். மதியம் இன்னொரு தடவை நின்றது. 5.0. எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஏதோ தோற்றுப் பின்வாங்குகிற மாதிரி.

மார்ச் 11, செவ்வாய்

5.0-இல் இரண்டு மணி நேரச் சோதனை. நிற்கவில்லை. சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மதியம் ஒரு சின்ன விஷயம். நூலகக் கணக்கின் அச்சுப் பக்கம் ஒன்று கசங்கிவிட்டதால் அதே கணக்கைத் திரும்ப ஓட்டினேன். ஒன்பதாம் உத்தரத்துக்கு வரும் விசை காலையில் 212 வந்தது. இப்போது 187. மூன்றாம் முறை ஓட்டினேன், 212.

ஒன்றையும் தொடவில்லை. அதே ஃபைல், அதே பொத்தான். நின்றுபோகிற கம்ப்யூட்டரையாவது பிடித்துவிடலாம். நிற்காமல் ஓடிக்கொண்டே தப்பான விடையைத் தருகிறதை என்னவென்று சொல்வது?

மார்ச் 12, புதன்

கொழுந்தனைக் கூப்பிட்டேன். கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான், இவருடைய தம்பி. நீலத் திரை, 5.2, 5.1, 5.0, இருநூற்றுப் பன்னிரண்டு, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான்.

“அண்ணி, பிராசசரையே பிடிச்சுத் தொங்கிட்டிருக்கீங்க. மெமரியத் தொட்டீங்களா?”

தொட்டேன். பிராசசரை ஏற்றிய அன்றைக்கே, வேகத்தோடு வேகமாக அதையும் இரண்டு படி ஏற்றினேன். ஏற்றியதையே மறந்துவிட்டேன்.

“அதச் சொல்லுங்க. பிராசசர் ஒத்துக்கலைன்னா படுத்துரும். மெமரி அப்படியில்ல. பொய் சொல்லிட்டே சிரிச்சுக்கிட்டு நிக்கும். மெமரிச் சோதனைய மட்டும் தனியா நாலு சுத்து ஓட விடுங்க.”

பத்து மணிக்குத் தொடங்கினேன். முதல் சுற்று சுத்தம். இரண்டாவதில் ஒரு சிவப்பு வரி. மூன்றாவதில் இரண்டு. நான்கு மணிக்கு மொத்தம் ஐந்து. ஒவ்வொரு வரியிலும், என்ன எழுதியது, திரும்பப் படித்தபோது என்ன வந்தது என்று காட்டுகிறது. ஐந்திலும் ஒரே மாதிரித் தப்பு. ஒன்று இருக்க வேண்டிய ஒற்றை இடத்தில் பூஜ்யம்.

காபி கலந்து குடிக்கும்போதுதான் உறைத்தது. கம்ப்யூட்டருக்குள் ஏழு என்பது 111. மூன்று என்பது 011. முதல் ஒன்று விழுந்தால் போதும்.

மெமரியையும் பிராசசரையும் பழைய வேகத்துக்கே இறக்கினேன். அண்ணன் பிப்ரவரி 25 அன்று அனுப்பிய மின்னஞ்சலைத் தேடி, அதிலிருந்த ஃபைலை மறுபடி இறக்கித் திறந்தேன். 7.5.

அன்று இறக்கி என் டிஸ்கில் சேமித்த பிரதியில் 3.5.

அந்த மின்னஞ்சலை அன்றைக்கே, அந்தக் கூட்டத்திலேயே திறந்து பார்த்திருக்கலாம். அரை நிமிட வேலை. ஏன் பார்க்கல? பார்க்கணும்னு தோணவேயில்லையே. தப்புன்னா அது அவர் பக்கம்தான் இருக்கும்னு எப்படி அவ்வளவு நிச்சயமா இருந்தேன்?

மார்ச் 13, வியாழன்

அலுவலகம் போனேன். சொல்லவில்லை.

மார்ச் 14, வெள்ளி

சீஃப் அறை வாசல் வரை போனேன். உள்ளே ஆள் இருந்தார். அது ஒரு சாக்கு.

மார்ச் 16, ஞாயிறு

இவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். கை கழுவி வந்து உட்கார்ந்தபின் பேசினார்.

“போன வருஷம் ஒரு அம்மாவுக்கு மாத்திரை மாத்திக் கொடுத்துட்டேன், ஞாபகம் இருக்கா? சீட்டு சரியா இருந்துது. பெட்டி ரெண்டும் ஒரே கலர். அந்தம்மா வீடு தேடிப் போய்க் கதவத் தட்டினேன். போற வழியெல்லாம் பெட்டி மேல பழியப் போட்டுப் பேசிப் பார்த்தேன். கதவு திறந்ததும் வாயில வந்தது ‘நான்தான் மாத்திக் கொடுத்துட்டேன்’னுதான்.”

“திட்டினாங்களா?”

“செமத்தியா.”

மார்ச் 17, திங்கள்

வீட்டு வேலை நாள்தான். ஆனாலும் போனேன்.

சீஃபிடம் மெமரிச் சோதனையின் தாளையும் மின்னஞ்சலையும் வைத்தேன். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “கம்ப்யூட்டர் தப்பு பண்ணினா நீங்க என்ன பண்ணுவீங்க? முடிஞ்சதும்மா. அவர அடுத்த மாசம் சத்தமில்லாம பழைய இடத்துக்கு மாத்திரலாம்.”

“கம்ப்யூட்டர அடிச்சு ஓட்டினது நான் சார். ஆறு பேர் முன்னால அவரச் சொன்னதும் நான்தான். அதே ஆறு பேர் முன்னால திருப்பிச் சொல்லணும்.”

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அப்புறம் கேட்டார்: “இந்த ஒரு மாசமா அந்த மெஷின்ல வேற என்னென்ன ஓட்டினீங்க?”

அதை நான் யோசிக்கவேயில்லை. ஒன்பது கணக்குகள்.

அதன் பிறகு வரைபட அறைக்குப் போனேன். நின்றபடி மடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், ஏழு எப்படி மூன்றானது என்பது வரை. அவர் கை மடிப்பின் மேலேயே இருந்தது.

“எப்ப தெரிஞ்சுது மேடம்?”

“புதன்கிழமை.”

“இன்னைக்குத் திங்கள்.” விரல் விட்டு எண்ணவில்லை, சும்மா சொன்னார். “அஞ்சு நாள்.”

“ஆமாண்ணே.”

“சரி” என்று அடுத்த வரைபடத்தை எடுத்தார்.

மார்ச் 18, செவ்வாய்

கம்ப்யூட்டர் பழைய வேகத்தில். ஒவ்வொரு ஃபைலையும் மின்னஞ்சலிலிருந்து புதிதாக இறக்கி, ஒவ்வொரு கணக்கையும் இரண்டு முறை ஓட்டுகிறேன். நான்கு முடிந்தது. நான்கும் சரி.

மார்ச் 19, புதன்

ஏழாவது சரியில்லை. வண்டி நிறுத்தும் கட்டடம், கீழ்த்தளத்தில் ஒரு உத்தரம். ஆறு கம்பி வேண்டிய இடத்தில் ஐந்து என்று கொடுத்திருக்கிறேன். வரைபடம் சைட்டுக்குப் போய்ப் பத்து நாள் ஆகிறது.

சைட் மேஸ்திரியைக் கூப்பிட்டேன். “கான்கிரீட் நாளைக்குக் காலையில மேடம். பலகை அடிச்சு, கம்பி கட்டி ரெடியா நிக்குது.”

“நிறுத்துங்க. ஒரு கம்பி கூட வரணும்.”

“ஒண்ணுதானே? ஒரு மணி நேர வேலை. இதுக்கா குரல் இப்படி நடுங்குது?”

போனை வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தேன். நாளை மறுநாள் கூப்பிட்டிருந்தால்?

மார்ச் 20, வியாழன்

எட்டும் ஒன்பதும் சரி.

மாலை கூட்டத்தில் சீஃப் ஆரம்பிப்பதற்கு முன் நான் எழுந்து சொன்னேன். அதே ஆறு பேர். மாடல் அண்ணன் கடைசி நாற்காலியில். எழுதி வைத்துக்கொண்டு போன காகிதத்தைப் பார்க்கவில்லை. “அவர் சரியாத்தான் அனுப்பினார். திருத்தியிருக்கலாம்னு நான் சொன்னது அநியாயம்.” ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. யாரோ நாற்காலியை இழுத்தார்கள். சீஃப் அடுத்த விஷயத்துக்குப் போனார்.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை.

மார்ச் 29, சனி

கொழுந்தன் வந்து மெமரியைக் கழற்றிப் பார்த்தான். பழுது ஒன்றும் இல்லை, சொன்ன வேகத்தில் ஓட்டினால் இன்னும் பத்து வருஷம் உழைக்கும் என்றான். “வேணும்னா ஒரே ஒரு படி ஏத்தித் தரட்டுமா அண்ணி? டெஸ்ட் பண்ணியே தரேன்.” வேண்டாம் என்றேன். இவர் சிரித்தார்.

ஏப்ரல் 3, வியாழன்

மாடல் அண்ணன் பழைய மேசைக்கு வந்துவிட்டார். வேலை பற்றி மட்டும் பேசுகிறார். எல்லாம் மின்னஞ்சலில். பத்தடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு “மதிப்பிற்குரிய மேடம்” என்று எழுதுகிறார். நானும் அதே மாதிரி பதில் போடுகிறேன். வேறென்ன செய்ய?

ஏப்ரல் 10, வியாழன்

தேநீர் இடைவேளையில் எல்லோரும் நின்றிருந்தோம். நான் போனதும் அவர் வழக்கம்போல் நகர்ந்துவிடவில்லை. அவ்வளவுதான்.

ஏப்ரல் 24, வியாழன்

மதியம் மாடல் அண்ணன் என் மேசைக்கு வந்தார். மின்னஞ்சல் இல்லாமல், நேரில். கையில் பள்ளிக்கூடப் படிக்கட்டின் தாள்.

குரலைத் தணித்துக்கொண்டு, “இந்தத் தள கனம் கொஞ்சம் இடிக்குது மேடம். நூத்தம்பதா, நூத்தி எழுபத்தஞ்சா? நான்கூட மாத்திப் படிச்சிருக்கலாம். என்னோடத ரெண்டு தடவ பார்த்துட்டேன். எதுக்கும் நீங்களும் ஒரு தடவ பாத்துருங்க” என்றார்.

பார்த்தேன். நூற்று எழுபத்தைந்துதான் சரி. நான்தான் தப்பாக எழுதியிருக்கிறேன். கம்ப்யூட்டருக்கு இதில் பங்கே இல்லை, என் கையெழுத்து.

“என் தப்புதாண்ணே.”

தலையசைத்தார். திருத்தியதும் தாளை வாங்கிக்கொண்டு போனார்.

நான்கு மணிக் கூட்டத்தில் சீஃப் படிக்கட்டைப் பற்றிக் கேட்டார். “ரெடியா இருக்கு சார், ரெண்டு பேரும் சேர்ந்து பாத்துட்டோம்” என்றார் அண்ணன்.