உறையிலிருந்து வராத வாள்

டார்லிங்டன்
ஜூலை 9, புதன்கிழமை

அன்புள்ள ரோரிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறோம். சைப்ரஸில் நீயும் நன்றாக இருப்பதாக உன் குறுஞ்செய்திகள் எல்லாம் சொல்கின்றன, ஒரே வார்த்தையில், ஒரே மாதிரி. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, அப்பா கையில் கொடுத்தனுப்புகிறேன். நீ படித்து முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன், அதனால் எதிரே கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார், குடிக்கத் தண்ணீர் கொடு. உங்கள் படை முகாம் வாசலில் நிறுத்திவைத்துக் குடைந்து குடைந்து கேட்டிருந்தாலும் கோபப்பட்டிருக்க மாட்டார், "காவல் ஒழுங்காத்தான் இருக்கு" என்று உன்னிடம் சொல்ல ஒரு விஷயம் கிடைத்திருக்கும்.

ஊர்ச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. நூலகக் கூரை மறுபடி ஒழுகுகிறது, வரலாற்றுப் புத்தகங்களை எல்லாம் குழந்தைகள் பகுதிக்கு மாற்றினோம், இப்போது முயல் படம் போட்ட கம்பளத்தில் உட்கார்ந்து கிழவர்கள் முதல் உலகப் போர் படிக்கிறார்கள். அப்பா ஓட்டும் பள்ளிப் பேருந்துக்கு விடுமுறை வர இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது, கேட்டு முன்கூட்டியே விடுப்பு வாங்கிவிட்டார். பாலின் அத்தை மகளுக்கு ஆகஸ்டில் கல்யாணம். அந்தக் கல்யாணத்திலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. பாலின் போன வாரம் வந்து, "குடும்பத்துல ஒரு ஆபீசர் இருக்கான், அவன் வாள் மாடியில சும்மா தூங்குது, கேக் வெட்டக் குடுத்தா தேஞ்சா போயிடும்?" என்றாள். "கிரீம் பட்டா நான்ல ஒரு வாரம் துடைக்கணும்" என்று அப்பா முனகினார், ஆனால் முகத்தில் பெருமையை மறைக்க முடியவில்லை. உன்னைக் கேட்டு நான் செய்தி அனுப்பினேன். உன் பதில் வந்தது, வாள் இனி வேண்டாம், விற்றுவிடுங்கள், கிட்டாரை யாருக்காவது கொடுத்துவிடுங்கள், புத்தகங்களை நூலகத்துக்கு எடுத்துக்கொள் அம்மா, எல்லாவற்றுக்கும் நன்றி என்று. வாளைக்கூட விட்டுவிடலாம் ரோரி. அந்த நன்றிதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அப்பாவிடம் வாளைப் பற்றி மட்டும்தான் அன்று சொன்னேன். அவர் கொதித்துப்போனார். அந்த வாளை வாங்கிய நாள் உனக்கும் நினைவிருக்கும். அணிவகுப்புக்குப் பயிற்சிக் கழகத்திலேயே வாள் இரவல் தருவார்கள், சொந்தமாக வேண்டியதில்லை என்று நீ எத்தனையோ முறை சொன்னாய், அவர் காதில் வாங்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் படையில் இருந்து, சார்ஜென்டாக, புது அதிகாரிகளுக்கு வாளை எப்படிப் பிடிப்பது, எப்படி உருவுவது என்று தொண்டை கிழியக் கத்திச் சொல்லிக்கொடுத்தவர், தன் இடுப்பில் ஒன்றைக் கட்டிக்கொள்ள அந்தப் பதவியில் வழியில்லை. ஹாரகேட்டில் சந்துக்குள் ஓலரென்ஷாவின் பழைய வாள்கடைக்கு நம் இருவரையும் இழுத்துக்கொண்டு போனார். கடைக்காரர் உன் உயரத்தைப் பார்த்து, கையைத் தொங்கவிடச் சொல்லி, நாலு வாளை மாற்றி மாற்றிக் கொடுத்துவிட்டு, "இதுல வெண்ணெய் வெட்டறதே கஷ்டம் தம்பி, கூர் கிடையாது. ஆனா முனை முனைதான், ரயில்ல ஏறும்போது எவன் கண்ணையும் குத்திடாத" என்றார். நான் ஒன்றே ஒன்று கேட்டேன், முன்பு இதை வைத்திருந்தவர் என்ன ஆனார் என்று. "நல்லபடியா ரிட்டயர் ஆகி, ரோஜாச் செடி வச்சு, எண்பது வயசுல படுக்கையிலயே போனாரும்மா. மத்த மாதிரி போனவங்களோடத நான் உள்ள வச்சிருக்கேன். அத அம்மாமார் வாங்கறதில்ல" என்றார். அதனால்தான் அதை வாங்கினோம். அந்த ரோஜாச் செடிக்காரரின் பெயரெழுத்துகளுக்குக் கீழே உன் பெயரின் மூன்று எழுத்துகளைப் பொறித்துத் தந்தார்.

அன்றே அப்பா சமையலறை மேசையில் பழைய போர்வையை விரித்துப் பாடம் நடத்தினார். வெறும் விரல் படக் கூடாது, வியர்வை ரேகையோடு துருவாகப் பதிந்துவிடும். இரண்டு சொட்டு எண்ணெய், மெல்லிய துணி, கைப்பிடியிலிருந்து முனைவரை ஒரே போக்கில். நனைந்தால் தோல் உறைக்குள் ஒரு மணி நேரம்கூட விடக் கூடாது, தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு எஃகைத் தின்னும். "தொடங்கினா முடிச்சுட்டுத்தான் கைய எடுக்கணும், லெப்டினன்ட் சார். நடுவுல ராஜாவே கூப்பிட்டாலும் காத்திருக்கச் சொல்லுங்க" என்றார், நீயும் விறைப்பாக நின்று ஆகட்டும் என்றாய், நாம் மூவரும் சிரித்தோம். அதற்குப் பிறகு நீ அந்த வாளை வைத்திருந்த அழகை நான் பார்த்திருக்கிறேன். வெள்ளைக் கையுறை இல்லாமல் என்னை அதன் பக்கத்தில்கூட விட மாட்டாய்.

சனிக்கிழமை அப்பா மாடியிலிருந்து அதைக் கீழே கொண்டுவந்தார். கைப்பிடியில் துக்கத்துக்குக் கட்டிய கறுப்புத் துணி அப்படியே இருந்தது. நவம்பரில் உன் நண்பன் ஹ்யூகோவின் சவ அடக்கத்துக்குக் கட்டியது, எட்டு மாதமாக அவிழ்க்கவில்லை. அப்பா இழுத்துப் பார்த்தார், வரவில்லை. முழங்காலுக்கு நடுவே உறையை இடுக்கிக்கொண்டு இழுத்தார், வரவில்லை. "இவனெல்லாம் ஆபீசராம்! எங்க கம்பெனியில நேத்து சேந்த பய இப்படி வச்சிருந்தா பதினாலு நாள் உள்ள போட்டிருப்பேன். மழையில நனைச்சு அப்படியே சொருகி வச்சிருக்கான் பாரு துரை" என்று திட்டிக்கொண்டே உறையின் வாயில் எண்ணெய் விட்டு மூலையில் சாய்த்துவைத்தார். ஞாயிற்றுக்கிழமை என் தலைமுடி காயவைக்கும் கருவியால் தோலுக்குச் சூடு காட்டினார். திங்கள் காலை மீன் அறுக்கும் கத்தியை எடுத்து உறையின் தையலை மேலிருந்து கீழ்வரை பிரித்தார். அவர் அப்படிச் செய்வார் என்று நான் நினைத்ததே இல்லை. உள்ளே அது பழுப்பு நிறத்தில், சொறி பிடித்த மாதிரி, அங்கங்கே குழிவிழுந்து கிடந்தது. அலகில் பொறித்திருந்த அரச முத்திரையைக் காணோம். உன் எழுத்துகளில் முதல் எழுத்து மட்டும் தெரிகிறது. அப்பா இந்த முறை திட்டவில்லை. துணியை எடுத்தார், கீழே வைத்தார். "ஹெதர், இது சோம்பேறித்தனம் இல்ல. இவன் சோம்பேறி இல்ல. இவனால தொட முடியல" என்றார். பிறகு, "உனக்கு ஏதோ தெரியும், சொல்லு" என்றார்.

எனக்குத் தெரியும். சவ அடக்கம் முடிந்து திரும்பும்போது காரை நான்தான் ஓட்டினேன். ஷ்ரூஸ்பெரி தாண்டியதும் நீ கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். போரில் இறந்தவர்களுக்கான நினைவு ஞாயிறு அணிவகுப்புக்கு முந்தின நாள் சாயங்காலம், மேசையில் வாளை வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாயாம், கைபேசியில் ஹ்யூகோ பெயர் வந்ததாம். கையெல்லாம் எண்ணெய், பாதி வாள்தான் முடிந்திருந்தது, முடித்துவிட்டுப் பேசலாம் என்று விட்டுவிட்டாயாம். இருபது நிமிஷம் கழித்து நீ கூப்பிட்டபோது அவன் எடுக்கவில்லை. மறுநாள் அவன் அறைக் கதவை உடைத்தார்கள். "இருபது நிமிஷம்மா" என்று அன்று இரண்டு முறை சொன்னாய், யாரிடமும் சொல்லாதே என்றாய். நானும் சொல்லவில்லை. நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும், ஒருவர் நம்பிச் சொன்னதை நெஞ்சுக்குள் பூட்டிவைப்பதுதான் மரியாதை என்று இத்தனை வருஷம் வாழ்ந்திருக்கிறேன். எட்டு மாதம் உன்னைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று இருந்தேன். அதுவும் ஈரத்தோடு உறையில் சொருகுவதுதான் என்று எனக்கு உறைக்கவில்லை.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிட்டாரையும் புத்தகங்களையும் பற்றி நீ எழுதியதையும் காட்டினேன். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "நான்தான் சொன்னேன். ராஜாவே கூப்பிட்டாலும்னு நான்தான் சொன்னேன்" என்றார். நான் தோளைத் தொட்டேன், தள்ளிவிட்டார். தோட்டத்துக்குப் போய் அவரைக்கொடிகளுக்கு நடுவே வெகுநேரம் நின்றுவிட்டு வந்து, "என் பாஸ்போர்ட் எங்க?" என்று மட்டும் கேட்டார். அவருக்குப் பேச வராது ரோரி. பந்தாட்டத்தைப் பற்றிப் பேசுவார், உன் பூட்ஸைக் குறை சொல்வார். அவர் முன்பு தன் படையில் ஒருவனை இப்படி இழந்திருக்கிறார், அதை என்னிடமே இந்தத் திங்கட்கிழமைதான் சொன்னார், உன்னிடம் சொல்வதற்காகவே வருகிறார். திக்கித் திணறுவார், பொறுத்துக்கொள். ஹ்யூகோ கூப்பிட்டபோது நீ எடுத்திருந்தால் அவன் பிழைத்திருப்பானா என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்லி உன்னைத் தேற்ற மாட்டேன், நீ நம்பவும் மாட்டாய். ஆனால் வேலையை முடித்துவிட்டுப் பேசலாம் என்று நினைப்பதை உலகத்தில் எல்லோரும் செய்கிறோம், நான் தினமும் செய்கிறேன், அதற்கு யாருக்கும் மரண தண்டனை கிடையாது, உனக்கும் கிடையாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை மதியம் உன் படைப்பிரிவுப் பாதிரியார் மெரிவேலுக்கு நான் போன் செய்தேன். ஷ்ரூஸ்பெரி சாலையில் நீ சொன்னதை அப்படியே சொன்னேன். நேற்று நாற்காலி தூக்க ஆள் வேண்டும் என்ற சாக்கில் அவர் உன் அறைக்கு வந்தது, போகும்போது துப்பாக்கிக் கிடங்கின் பொறுப்பை உன்னிடமிருந்து வேறொருவருக்கு மாற்றச் சொன்னது, எல்லாம் அதனால்தான். நீ என்மேல் வைத்த நம்பிக்கையை நான் உடைத்தேன். உன் அதிகாரிகள் மத்தியில் உன்னைத் தலைகுனிய வைத்ததாக நீ நினைக்கலாம். என்மேல் கோபப்படு. வருஷக்கணக்கில் பேசாமல் இரு. அதற்கு நீ இருக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டும். இப்போது எழுத்திலேயே கேட்கிறேன், சுற்றி வளைக்கத் தெரியவில்லை: சாக வேண்டும் என்று நினைக்கிறாயா? ஆம் என்றாலும் இல்லை என்றாலும் எதிரே இருப்பவரிடம் சொல். அவர் அதைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்.

வாளை விற்கவில்லை. தேய்த்துப் பளபளப்பாக்கினால் மிச்சமிருக்கும் எழுத்தும் போய்விடும் என்று ஓலரென்ஷா போனில் சொன்னார், அதனால் அப்பா எண்ணெய் மட்டும் தடவிப் போர்வையில் சுற்றி வைத்திருக்கிறார். அதை என்ன செய்வது என்பது பிறகு. பாலினிடம் கேக்குக்கு ரொட்டிக் கத்தி எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

கடவுள் உன்னைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ளட்டும். இப்படி எழுத எனக்கு எப்போதும் கூச்சம், இன்று இல்லை. மறக்காமல் ஒரு காரியம் செய், அப்பாவின் இரத்த அழுத்த மாத்திரை பையின் பக்க அறையில் இருக்கிறது, காலையில் ஒன்று, பார்க்க ஆளில்லாவிட்டால் விழுங்க மாட்டார், பக்கத்தில் நின்று பார். உனக்கு விடுப்பு தர ஏற்பாடு செய்வதாக மெரிவேல் சொல்லியிருக்கிறார். திரும்பி வர விமான டிக்கெட்டை நான் இன்னும் எடுக்கவில்லை. இரண்டு பேருக்கு எடுக்கட்டுமா என்று இன்றே சொல்.

உன் அம்மா,
ஹெதர்