பாறை அலையில் மூன்று விநாடி

ஞாயிறு, இரவு

தூக்கம் வரவில்லை. இன்று விடியுமுன் குன்னத்திலிருந்து பைக்கில் கிளம்பி, நானும் என் வீட்டுக்காரரும் கடலுக்குப் போய் வந்தோம். நான் அலைச்சறுக்கு பழகும் அந்த இடத்துக்கு வேறு யாரும் வருவதில்லை. தண்ணீருக்கடியில் பாறை. அலையும் சுமார்தான், எழும்பியதும் சரிந்துவிடும். ஆனால் பார்க்க ஆளில்லாததால் எனக்குக் கூச்சமில்லை.

போன மாதம் பாறையில் முழங்கால் கிழிந்தது. இன்றும் அடிபட்டால் இனிமேல் கூட்டிவர மாட்டேன் என்று இவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஆறு முறை விழுந்தேன். ஏழாவது முறை பலகைமேல் எழுந்து நின்றுவிட்டேன்! மூன்று விநாடி இருக்கும். நாற்பத்து நான்கு வயதில் கடல் என்னைச் சுமந்துகொண்டு போனது. பிறகு கவிழ்ந்தேன்.

தலையைத் தூக்கினால், கடலென்றாலே பயப்படும் இவர் பேண்ட்டோடு இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார்.

"அடி பட்டுச்சா?"

"இல்லங்க. நான் நின்னேனே, பாத்தீங்களா?"

"எங்க பாத்தேன்? அலை மறைச்சிருச்சு. இன்னொரு தடவ நில்லு."

மதியம்வரை முயன்றும் நிற்க வரவில்லை. அவரும் கரையேறவில்லை.

திரும்பும் வழியில் ஜெயங்கொண்டத்தில் டீ குடிக்கும்போது அவராகவே சொன்னார்: "அடுத்த வாரமும் போயிட்டு வருவோம். நான் இன்னும் பாக்கலயே."