கிணத்துத் தண்ணிய குடிச்சுக் காட்டினவனுக்கு

இன்னிக்குக் காலைல நம்ம தெருக் கிணத்துல மருந்து போட வந்தானுங்க. ஊத்தினதும் தண்ணி கத்திரிப்பூ நிறமாச்சு. உன் ஞாபகம் வந்துடுச்சுடா. செத்து இத்தன வருஷமாகியும் என்னை நிம்மதியா பல்லு வெளக்க விடமாட்டேங்கற.

ஆபீஸ்ல நீ சானிட்டரி இன்ஸ்பெக்டர், தலப்பா கட்டின தொர. நான் வாசல்ல நிக்கிற பியூன். உள்ள உன்னை 'சார்'னு கூப்பிடணும். வெளிய வந்தா அல்சூர் ஏரிக்கரைல என்கூட பட்டம் விட்ட பயதான நீ? "தொர, தலப்பாவ கழட்டினா உரிச்ச தேங்காடா"ம்பேன். "உன் மூஞ்சிய மறைக்க ஒரு தலப்பா பத்தாது"ம்ப.

அந்த வருஷம் நம்ம ஊரு நீலசந்திராப் பக்கம் பேதி. செத்ததெல்லாம் ஒரே கிணத்துல தண்ணி எடுத்த கூலிக்கார ஜனங்க. நீ சீசாவுல தண்ணி புடிச்சு டாக்டருக்கு அனுப்பியிருந்த. பதில் வர்றதுக்குள்ள பேப்பர்காரரு வந்துட்டாரு.

பேப்பர்காரரு வந்தா நம்ம ஆபீஸ்ல ஒரே வழிதான். பெஞ்சுல ஒக்கார வெச்சு, காப்பி குடுத்து, "பெரியவரு வெளிய போயிருக்காரு"ன்னு நான் சொல்லணும். நம்ம ஆபீஸ் மேலதிகாரி அந்தப் பெரியவரு உள்ள தூங்குவாரு. "ஆளு வெளிய போயிட்டாரு, கொறட்டைய மட்டும் விட்டுட்டுப் போயிட்டாரா?"ன்னு பேப்பர்காரரு கேப்பாரு. அன்னிக்கு அவரு பெஞ்ச விட்டு எழுந்திருக்கவே இல்ல.

பெரியவரு உன்னைக் கூப்பிட்டாரு.

"தண்ணி நல்லாருக்குன்னு சொல்லியனுப்பு."

"டாக்டரு பதில் வரலைங்க சார். இப்ப தெரியாது, தெரிஞ்சதும் சொல்றோம்னு சொல்லிடலாம்."

"தெரியாதுன்னா ஊரே பயந்து ஓடும். கவர்மெண்டு என்னைக் கேக்கும். அந்தாள கிணத்துக்குக் கூட்டிட்டுப் போயி, அவரு கண்ணு முன்னாடி ஒரு டம்ளர் குடி."

"வேணாம்டா"ன்னு உன் காதுல சொன்னேன். "மூணும் பொண்ணு. வேல போனா நீயா சோறு போடுவ?"ன்ன.

குடிச்ச. முழு டம்ளரும். இடுப்புல கொழந்தையோட ஒருத்தி நின்னா. "நாங்களும் குடிக்கலாமா சாமி?"ன்னு கேட்டா. நீ பெரியவரு சொன்னதையே சொன்ன, "நல்ல தண்ணிதாம்மா."

மறுநாள் பேப்பர்ல வந்துச்சு, அதிகாரியே குடிச்சாரு, பயமில்லன்னு. தூரத்துக் கொழாய்க்கு நடந்துக்கிட்டிருந்த ஜனமெல்லாம் கிணத்துக்கே திரும்பிடுச்சு.

அப்புறம் நீ படுத்துட்ட. நான் வந்தப்ப கண்ணு ரெண்டும் குழியில கெடந்துச்சு. "ஜனங்க இன்னும் அந்தத் தண்ணியத்தான் எடுக்கறாங்களா?"ன்ன. ஆமாம்னேன். "பேப்பர்காரர கூட்டியா."

ஆபீஸ்லயோ நீ லீவுல போயிருக்கன்னு சொல்லச் சொல்லி உத்தரவு. சும்மா விடுவேனா? கையோட கூட்டியாந்தேன். வாசப்படியிலேயே கர்ச்சீப்ப மூக்குல வெச்சுக்கிட்டு நின்னாரு.

"எழுதுங்க"ன்ன. கொரலே இல்ல உனக்கு. "தண்ணி எப்பிடின்னு எனக்குத் தெரியாது. தெரியாமயே நல்லதுன்னு சொன்னேன். குடிச்சவன் படுத்துட்டான். என் பேரப் போட்டே எழுதுங்க."

"வேல போயிடுமே சார்"ன்னாரு அவரு.

என்னைப் பாத்த. "இவனுக்குத் தலப்பா மேல ரொம்ப நாளா கண்ணு."

சிரிக்கறதா அழறதான்னு தெரியலடா எனக்கு.

பேப்பர் வந்த காலைல நீலசந்திராக்காரங்க கிணத்து வாய்ல முள்ளு வெட்டிப் போட்டு மூடிட்டாங்க. அதக் கேக்க நீ இல்ல. தண்ணி கெட்டதுன்னு டாக்டரு பதிலு உன் காரியத்துக்கு அப்புறம்தான் வந்துச்சு.

ஆபீஸ்ல மாரடைப்புன்னு சொல்லச் சொன்னாங்க. பேப்பர்காரரு நேரா என்கிட்ட வந்து கேட்டாரு. எனக்குப் பின்னாடியே பெரியவரு நிக்கறாரு. "பேதிங்க. அந்தக் கிணத்துத் தண்ணிதான்"னேன். அன்னிக்கே என் பியூன் டவாலிப் பட்டைய அவுத்து வாங்கிக்கிட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. போனாப் போவுது, அது எப்பவும் என் தொப்பையில நிக்காது.

கிணத்தடில கொழந்தையோட நின்னாளே, அந்தப் பொம்பள இன்னும் இருக்கா. சிவாஜிநகர்ல கீர விக்கறா. பேப்பர்ல ரெண்டாவது சேதி வர்றதுக்குள்ள அவ கொழந்த போயிடுச்சு. ஊர்ல யாரப் பாத்தாலும் எனக்கு ஒரு நக்கல் வரும், அவகிட்ட மட்டும் நாக்கு எழும்பாது.

"அந்தத் தொர தெரிஞ்சுதான் குடிச்சாரா?"ன்னு ஒருநாள் கேட்டா.

"தெரியாமதாம்மா. அவனும் அதுலதான் செத்தான்."

கீரைக்குத் தண்ணி தெளிச்சுக்கிட்டே சொன்னா: "தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் கொழாய்க்கே நடந்திருப்பேனே சாமி. நடக்க எனக்குக் காலு இருந்துச்சே."